போய்ச் சேராத மருந்தும், சேர்ந்தும் பலிக்காத மருந்தும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

எலும்பில் புரையோடிய சீழை, மருந்து சுமக்கும் மிக நுண்ணிய நானோ துகள்கள் குணப்படுத்தும் என்ற செய்திகள் அடிக்கடி வருகின்றன. பெரும்பாலும் அவை பொய்யல்ல. ஆனால், ஆய்வுக்கூடத் தட்டிலோ முயலின் காலிலோ நடந்ததை, நாளைக்கே சென்னை மருத்துவமனைகளில் நடக்கப்போவது போலத் தலைப்பு சொல்லிவிடுகிறது. பைக் விபத்தில் கால் எலும்பு உடைந்து, ராடு வைத்து, இரண்டு வருடமாகப் புண்ணுக்குத் துணி மாற்றிக்கொண்டிருப்பவர் அதைப் படித்தால் அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடுவார். தள்ளிப்போடும் மாதங்களில் எலும்பு மேலும் சாகும். அதனால்தான் கடிதம் என்ற அளவை மீறிச் சற்று விரிவாக எழுதுகிறோம்.

எலும்புச் சீழில் ஆன்டிபயாடிக் தோற்பது இரண்டு விதமாக. மருந்து கிருமியிடம் போய்ச் சேராமலே போவது ஒன்று. போய்ச் சேர்ந்தும் பலிக்காமல் போவது மற்றொன்று. செய்திகளில் இரண்டும் 'மருந்துக்குக் கட்டுப்படாத கிருமி' என்ற ஒரே பெயரில் வந்துவிடுகின்றன. நானோ துகளால் எதைத் தீர்க்க முடியும், எதை முடியாது என்பது இந்த வேறுபாட்டில்தான் அடங்கியிருக்கிறது.

முதல் விதத்தைப் பார்ப்போம். எலும்புச் சீழுக்கு மிக அதிகமாகக் காரணமாவது ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா. ஊசியாகப் போட்டாலும் மாத்திரையாக விழுங்கினாலும் ஆன்டிபயாடிக் ரத்தத்தின் வழியேதான் போகிறது. கோடையில் தண்ணீர் லாரி தெருமுனை வரை வரும். அங்கிருந்து குடம் தூக்க ஆளில்லாத வீட்டுக்குத் தண்ணீர் இல்லை. சீழ் கட்டிய எலும்பும் அப்படித்தான். உள்ளே அழுத்தம் ஏறி ரத்தக் குழாய்கள் அடைபட்டு, ஒரு துண்டு எலும்பு செத்துத் தனியே கிடக்கும். அதற்குள் ரத்தம் போகாது. ரத்தம் போகாத இடத்துக்கு மருந்தும் போகாது. கிருமி மட்டும் அங்கே வசதியாக இருக்கும்.

அந்தச் செத்த எலும்பின் மீதும், உலோக ராடு, பிளேட், திருகுகளின் மீதும் பாக்டீரியா ஒரு வழுவழுப்பான படலத்தை விரித்துக்கொள்கிறது. வீட்டுக் கீழ்த் தொட்டியைப் பல மாதம் கழுவாமல் விட்டுச் சுவரில் விரல் வைத்தால் வழுக்குமே, அதே சாதிதான். உயிர்ப்படலம் என்கிறோம். இதற்குள் இருக்கும் கிருமியைக் கொல்ல, நீரில் தனியாக மிதக்கும் அதே கிருமிக்குத் தேவைப்படுவதைப்போல 100 மடங்கு, சில சமயம் 1,000 மடங்கு செறிவில் மருந்து வேண்டும். மிதக்கும் கிருமிக்கு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக் போதும் என்றால், படலத்துக்குள் நூற்றுக்கணக்கான மில்லிகிராம் செறிவு தேவை. ஊசியால் அந்த உயரத்தை எட்டவே முடியாது. அடுத்த வேளை மருந்து போடும்போது ரத்தத்தில் லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் தேங்கியிருந்தாலே சிறுநீரகத்துக்கு ஆபத்து கூடத் தொடங்கிவிடும்.

இதோடு முடிந்துவிடவில்லை. உயிருள்ள கடின எலும்புக்குள் செல்களை இணைக்கும் மிக நுண்ணிய கால்வாய்கள் உண்டு. அவற்றின் அகலம் சில நூறு நானோமீட்டர்தான் (ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர்). ஸ்டெஃபைலோகாக்கஸ் ஏறக்குறைய 1,000 நானோமீட்டர் விட்டமுள்ள உருண்டை. அதனால் அதற்குள் நுழைய முடியாது என்றே நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். உருண்டை தன்னைப் பிதுக்கி நீட்டிக்கொண்டு, உள்ளே போய்ப் பெருகுவதை அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகக் குழு 2017-ல் எலிகளின் எலும்பில் மின்னணு நுண்ணோக்கியால் காட்டியது. நம் நோய் எதிர்ப்புச் செல்கள் அந்தச் சந்துக்குள் போக முடியாது. போதாக்குறைக்கு, எலும்பைக் கட்டும் செல்களுக்குள்ளேயே சில கிருமிகள் புகுந்து, வளர்ச்சியைக் குறைத்துக்கொண்டு கிடக்கும். ஆய்வுக்கூடத்தில் மிகச் சிறிய புள்ளிகளாக, மிக மெதுவாக வளரும் இவற்றை இரண்டே நாளில் தட்டை எறிந்துவிட்டால் பார்க்கவே முடியாது. ஜென்டாமைசின் போன்ற மருந்துகள் செல்லுக்குள் சரியாகப் போவதுமில்லை. போன கொஞ்சமும் அங்குள்ள அமிலத்தில் வலு இழந்துவிடும்.

மேலே சொன்ன எதிலும் கிருமியின் மரபணு மாறவில்லை. மருந்து இன்னும் நல்ல மருந்துதான். முகவரிக்குப் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது விதம் வேறு. எம்ஆர்எஸ்ஏ எனப்படும் ஸ்டெஃபைலோகாக்கஸ், மெக்-ஏ என்ற மரபணுவால் தன் செல்சுவரைக் கட்டும் புரதத்தையே மாற்றிக்கொண்டது. பெனிசிலின் குடும்ப மருந்துகள் அருகில் போனாலும் ஒட்டாது. கிராம்-நெகட்டிவ் என்ற வேறொரு பெரிய பாக்டீரியா வகையில் என்டிஎம்-1 என்ற நொதி, கடைசிக் கைவசமான கார்பபெனம் மருந்துகளையே வெட்டிப்போடும். இந்த நொதியைப் பற்றி 2010-ல் லான்செட் என்ற மருத்துவ இதழ்க் குழுமத்தின் இதழொன்றில் வந்த கட்டுரையில், சென்னையில் திரட்டிய கிருமிகளில் மட்டும் 44-ல் அது இருந்தது. 2012-ல் இதே ஊரில் கூடிய மருத்துவ அமைப்புகள் ஆன்டிபயாடிக் எதிர்ப்பைத் தடுக்க 'சென்னைப் பிரகடனம்' வெளியிட்டதும், 2014 மார்ச் முதல் ஹெச்-1 அட்டவணை மருந்துகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது, விற்றதைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்ற விதி வந்ததும் இந்தப் பின்னணியில்தான். திறந்த எலும்பு முறிவுகளில் இந்தக் கிராம்-நெகட்டிவ் கிருமிகளே இன்று பெரிய தலைவலி.

இனி நானோ துகளுக்கு வருவோம். 1 முதல் 100 நானோமீட்டர் வரை உள்ள துகள் என்பது பொது வரையறை. மருந்து ஏற்றும் துகள்கள் 200, 300 வரையும் போகும். ஒரு பாக்டீரியாவோடு ஒப்பிட்டால் பூசணிக்குப் பக்கத்தில் எலுமிச்சை. இதன் உண்மையான வலிமை முதல் விதத் தோல்வியில்தான்: மருந்தைச் சுமந்து படலத்துக்குள், செல்லுக்குள் இறக்குவது. நோய் எதிர்ப்புச் செல் இந்தத் துகளைக் கிருமி என்று விழுங்கிவிடும். உள்ளே ஒளிந்திருக்கும் கிருமியிடம் மருந்தைத் தானே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். இதுவரை வந்த ஆய்வுகளில் எங்களுக்கு அதிக நம்பிக்கை தருவது இந்தப் பகுதி. ஆனால், என்டிஎம்-1 இருக்கும் கிருமிக்குக் கார்பபெனம் வகை மருந்தான மெரோபெனத்தைத் துகளில் ஏற்றி அனுப்பினால், துகள் திறந்ததும் அதே நொதி அதே மருந்தை வெட்டும். பல்லக்கில் அனுப்பினாலும் மருந்து மருந்துதான்.

நானோ மருந்து என்றதும் ஏதோ எதிர்காலப் பொருள் என்று நினைக்க வேண்டாம். 2021-ல் கருப்புப் பூஞ்சை நோய் பரவியபோது சென்னை முழுவதும் மக்கள் தேடி அலைந்த லைப்போசோமல் ஆம்ஃபோடெரிசின்-பி ஒரு நானோ மருந்துதான்: 100 நானோமீட்டருக்கும் சிறிய கொழுப்புக் குமிழிகளில் ஏற்றிய பூஞ்சைக் கொல்லி. குமிழியில் ஏற்றியதால் சிறுநீரகப் பாதிப்பு குறைந்தது. அதே சமயம், கையாள்வதில் ஒரு பிழை போதும் மருந்து வீணாக. 50 மில்லிகிராம் குப்பியை 12 மில்லிலிட்டர் கிருமி நீக்கிய ஊசி நீரில் கரைத்து, 30 விநாடி நன்றாகக் குலுக்கி, 5 மைக்ரான் வடிகட்டி வழியே எடுத்து, 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸில் கலந்து, சுமார் 2 மணி நேரம் ஏற்ற வேண்டும். பழக்கதோஷத்தில் உப்பு நீர் சலைனில் கலந்தால் வீழ்படிவாகிவிடும். ஒரு கிலோ எடைக்கு 5 மில்லிகிராம் என்றால், 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு 300 மில்லிகிராம், அதாவது 6 குப்பிகள். இத்தனை நல்ல மருந்து இருந்தும், அந்த நோயாளிகளுக்குச் செத்துப்போன மேல்தாடை எலும்பை வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. ரத்தம் போகாத எலும்புக்குள் குமிழியும் போகவில்லை. நானோ மருந்து குறித்து இந்த ஊர் கண்ணால் கண்ட பாடம் அது.

நரம்பில் ஏற்றும் துகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ரத்தத்தில் இறங்கிய சில நிமிடங்களில் ரத்தப் புரதங்கள் அதன்மீது ஒட்டிப் புதுச் சட்டை போட்டுவிடும். பிறகு கல்லீரலும் மண்ணீரலும் பெரும்பகுதியை வடித்துக்கொள்ளும். எலும்பின் தாதுவில் ஒட்டும் அலெண்ட்ரோனேட் போன்ற மூலக்கூற்றைத் துகளின் மேல் கோத்து எலும்புக்கு இழுக்கும் முயற்சிகள் நடக்கின்றன. இழுத்தாலும், ரத்த ஓட்டமுள்ள நல்ல எலும்புக்குத்தான் அது முதலில் போகும். எனவே இப்போதைக்குப் பொருள் உள்ளது, அறுவை சிகிச்சையில் சுத்தம் செய்த குழிக்குள் நேரடியாக வைக்கும் துகள்தான்.

அங்கே கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். சுத்தம் செய்த குழி 20 மில்லிலிட்டர் என்று வையுங்கள். அதில் 1 கிராம் வான்கோமைசின் இருக்க வேண்டும் என்று விரும்புகிறோம். பிஎல்ஜிஏ என்ற கரையும் பாலிமர்த் துகளில் நீரில் கரையும் மருந்தை ஏற்றுவது கடினம். தாராளமாக எடையில் 10 சதவீதம் ஏறும் என்று எடுத்துக்கொண்டாலும், 1 கிராம் மருந்துக்கு 10 கிராம் துகள் வேண்டும். பிஎல்ஜிஏ கரைந்தால் லாக்டிக் அமிலமும் கிளைக்காலிக் அமிலமும் வரும். அதிலுள்ள 9 கிராம் பாலிமர் ஒரு சிறு குழிக்குள் கரையும்போது அந்த அமிலம் புது எலும்பு வளர்வதைக் கெடுக்கும். மேலும், துகளின் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் மருந்து முதல் நாளிலேயே கொட்டிவிடும். அதன்பின் சொட்டுச் சொட்டாக, கிருமியைக் கொல்லாமல் பழக்கப்படுத்தும் அளவில் வாரக்கணக்கில் கசியும். எதிர்ப்புத் திறனை வளர்க்க இதைவிட நல்ல வழி இல்லை. ஆய்வுக் கட்டுரையில் 'நீடித்த வெளியீடு' என்று பெருமையாக எழுதியிருந்தால், கடைசி வாரத்தில் செறிவு எவ்வளவு என்று பார்க்காமல் மெச்சிவிடக் கூடாது.

மீசோபோரஸ் சிலிகாவில் 2 முதல் 50 நானோமீட்டர் துளைகள் இருப்பதால் மருந்து கூடுதலாக ஏறும். இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசான் நேர்மின்னூட்டம் கொண்டது. எதிர்மின்னூட்டமுள்ள பாக்டீரியாவின் மேல் தானே ஒட்டும். ஹைட்ராக்சிஅபடைட் நானோ துகள் எலும்பின் சொந்தப் பொருள். சொல்லப்போனால் எலும்பே ஒரு நானோப் பொருள்தான்: கொலாஜன் என்ற புரதப் புரிகளுக்கிடையே சில நானோமீட்டர் தடிமனுள்ள அபடைட் தகடுகள். அந்தக் கொலாஜனின் மூன்றிழைப் புரி வடிவத்தை 1954-ல் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் முன்வைத்தது நம் சென்னைப் பல்கலைக்கழகத்தில். இந்தத் துறையில் நாம் வேடிக்கை பார்க்க வேண்டியவர்கள் அல்லர் என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறோம்.

இரண்டாம் விதத் தோல்விக்கு, அதாவது மரபணுவே மாறிய கிருமிக்கு, ஏதாவது செய்யக்கூடியவை உலோகத் துகள்கள், முக்கியமாக வெள்ளி. வெள்ளித் துகளிலிருந்து அயனி கசிந்து, கிருமியின் புரதங்களிலுள்ள கந்தகத் தொகுதிகளில் ஒட்டி, சவ்வைக் குலைத்து, உள்ளே ஆக்சிஜன் நச்சுகளைப் பெருக்குகிறது. ஒரே இடத்தைத் தாக்கும் ஆன்டிபயாடிக்கைப்போல அல்ல. பல இடங்களில் அடி விழுவதால் எம்ஆர்எஸ்ஏ, என்டிஎம் என்ற பேதமில்லை. தட்டில் பார்த்தால் பிரமிப்பாக இருக்கும். உடம்புக்குள் போனதும் கதை மாறும். நம் ரத்தத்தில் லிட்டருக்கு சுமார் 100 மில்லிமோல் குளோரைடு இருக்கிறது; வெள்ளி அயனி அதோடு சேர்ந்து கரையாத வெள்ளி குளோரைடாக விழும். மீதியை ரத்தப் புரதமான ஆல்புமின் பிடித்துக்கொள்ளும். இதைச் சரிக்கட்ட அளவைக் கூட்டினால், எலும்பு கட்டும் செல்களும் சாகின்றன. கிருமியைக் கொல்லும் அளவுக்கும் நம் செல்லைக் கொல்லும் அளவுக்கும் உள்ள இடைவெளி குறுகலானது. சீரம் எனும் ரத்த நீர் கலக்காத ஊடகத்தில் மட்டும் சோதித்துவிட்டு 'பாதுகாப்பானது' என்று எழுதும் ஆய்வை நாங்கள் பொருட்படுத்துவதில்லை.

வெள்ளிக்கு எதிர்ப்பே வராது என்பதும் தவறு. வெள்ளிக்குக் கட்டுப்படாத கிருமிகள் 1970-களிலிருந்தே அறிந்தவை; வெள்ளியை வெளியே தள்ளும் மரபணுக்களும் பின்னர் தெரியவந்தன. 2018-ல் வெளியான செக் ஆய்வொன்றில், ஈ.கோலை கிருமி தன் நகரிழைப் புரதமான ஃபிளாஜெல்லினைச் சுரந்து, வெள்ளித் துகள்களை ஒன்றோடொன்று கட்டியாக ஒட்டவைத்தது. கட்டியானால் அது நானோ துகள் இல்லை. மரபணு மாறாமலே கிருமி கண்டுபிடித்த உபாயம் இது.

இங்கே பூச்சுக்கும் சிகிச்சைக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லிவிட வேண்டும். உள்ளே வைக்கும் உலோகத்தின் மேற்பரப்பை யார் முதலில் பிடிப்பது, நம் செல்லா கிருமியா என்ற போட்டியை 1987-ல் அந்தோணி கிரிஸ்டினா என்ற அமெரிக்க எலும்பு மருத்துவர் 'மேற்பரப்புக்கான பந்தயம்' என்று பெயரிட்டு விளக்கினார். வெள்ளிப் பூச்சும், டைட்டானியத்தில் மின்வேதி முறையில் வளர்க்கும் நானோ குழாய்களும் அந்தப் பந்தயத்தில் நம் செல்லுக்கு முன்தொடக்கம் கொடுக்கும். அது தடுப்பு. ஏற்கெனவே படலம் விரித்துவிட்ட எலும்புக்குப் பூசிய ராடு வைத்தால் சீழ் குணமாகாது.

சூடாக்கிக் கொல்லும் முறைகளை விரைவாகக் கடந்துவிடலாம். இரும்பு ஆக்சைடுத் துகளை மாறும் காந்தப் புலத்திலும், தங்கத் துகளை அகச்சிவப்பு ஒளியிலும் சூடேற்றுவார்கள். எலும்பு 47 டிகிரி செல்சியஸை ஒரு நிமிடம்தான் தாங்கும் என்று 1983-லேயே எரிக்சனும் ஆல்பிரெக்ட்சனும் காட்டிவிட்டார்கள். உயிர்ப்படலத்தை வெப்பத்தால் மட்டும் அழிக்க அதைவிட அதிகச் சூடு வேண்டும். ஒளியும் தசையைத் தாண்டித் தொடை எலும்பு வரை போகாது. ஆன்டிபயாடிக்குக்குத் துணையாக மிதமான சூடு பயன்படலாம்; தனியாக அல்ல.

துகளைப் பற்றி இவ்வளவு பேசினாலும், இன்று சென்னையில் எலும்புச் சீழ் திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் நானோ மருந்து இல்லாததல்ல என்பது எங்கள் உறுதியான கருத்து. கல்ச்சர், அதாவது கிருமியை வளர்த்து அடையாளம் காணும் சோதனை, சரியாக எடுக்காததுதான் முதல் காரணம். புரைத் துளையின் வாயில் பஞ்சுக் குச்சியைத் துடைத்து அனுப்பினால் தோலின் கிருமிதான் வளரும். உள்ளே எலும்பில் இருப்பது வேறாக இருக்கும். காய்ச்சல், ரத்தத்தில் கிருமி போன்ற அவசரம் இல்லை என்றால் எல்லா ஆன்டிபயாடிக்கையும் குறைந்தது 2 வாரம் நிறுத்திவிட்டு, அறுவை அரங்கில், ஆழத்திலிருந்து, ஒவ்வொரு மாதிரிக்கும் புதுக் கருவி எடுத்து, 5 மாதிரிகள் எடுக்க வேண்டும். அவற்றில் குறைந்தது இரண்டில் ஒரே கிருமி வளர்ந்தால் அதை நம்பலாம். ஐந்தில் ஒன்றில் மட்டும் வளர்ந்தது பெரும்பாலும் கை பட்ட அசுத்தம். மாதிரி 2 மணி நேரத்துக்குள் ஆய்வகம் போய்ச் சேர வேண்டும். நம் ஊர் போக்குவரத்தில் அதற்கு முன்கூட்டியே ஆள் ஏற்பாடு செய்ய வேண்டும். எல்லாவற்றையும் கெடுக்கும் ஒரு பிழை: அத்தனை எலும்புத் துண்டுகளையும் ஃபார்மலின் பாட்டிலில் போட்டுவிடுவது. ஃபார்மலினில் விழுந்த கிருமி செத்துவிடும். கல்ச்சரில் எதுவும் வளராது. 'கிருமி இல்லை' என்று அறிக்கை வரும். திசு ஆய்வுக்கு ஃபார்மலின் பாட்டில் தனி, கல்ச்சருக்குக் கிருமி நீக்கிய வெறும் பாட்டில் தனி. தட்டுகளை 14 நாள் வரை வைத்திருந்து பார்க்கச் சொல்ல வேண்டும்.

அதோடு காசநோய்க்கான சிபிநாட் சோதனையும் கட்டாயம். நம் நாட்டில் ஆறாத எலும்புப் புண்ணில் காசநோயைத் தேடாமல் விடுவது பெரும் தவறு. தேடுவதற்கு முன்பே காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினைத் தனியாகத் தொடங்குவது அதைவிடப் பெரிய தவறு: ஸ்டெஃபைலோகாக்கஸும் காசநோய்க் கிருமியும் தனி ரிஃபாம்பிசினுக்கு விரைவில் எதிர்ப்பு பெற்றுவிடும். சர்க்கரை நோயுள்ளவர், மழைக்காலத்துச் சேற்றில் வேலை செய்தவர் என்றால், மண்ணிலும் நீரிலும் வாழும் கிருமியால் வரும் மெலியாய்டோசிஸ் நோய் நினைவில் இருக்கட்டும். அதன் கிருமியைச் சூடோமோனாஸ் என்ற வேறு கிருமியாகத் தவறாக எண்ணி விட்டுவிடுவதுண்டு. பெரும்பாலும் ஜென்டாமைசினுக்குக் கட்டுப்படாது. மாதக்கணக்கில் கோ-டிரைமாக்சசோல் தேவைப்படும். எந்தக் கிருமி என்றே தெரியாமல் எந்தத் துகளில் எந்த மருந்தை ஏற்றுவது?

இரண்டாவது காரணம், செத்த எலும்பை மிச்சம் வைப்பது. வெட்டும்போது எலும்பின் முகத்தில் பொட்டுப் பொட்டாக ரத்தம் கசியும் வரை எடுக்க வேண்டும். குழி பெரிதாகிவிடுமே என்று பயந்து நிறுத்தினால் அடுத்த வருடம் மறுபடி திறக்க வேண்டும். குழியை நிரப்பவும் நீளத்தை மீட்கவும் வழிகள் இருக்கின்றன. மாஸ்கெலே முறையில் சிமென்ட் கட்டி வைத்து 6 முதல் 8 வாரத்தில் அதைச் சுற்றி உருவாகும் சவ்வுக்குள் எலும்பு ஒட்டு வைக்கலாம். எலும்பை வெளியிலிருந்து பிடித்து மெல்ல நீட்டும் இலிசரோவ் வளையத்தில் நாளுக்கு 1 மில்லிமீட்டர், அதையும் கால் கால் மில்லிமீட்டராக 4 வேளையாக நகர்த்தலாம்.

இடத்திலேயே மருந்து வைக்கும் கலையும் புதிதல்ல. எலும்பு சிமென்டில் ஜென்டாமைசின் கலப்பதை 1970-ல் ஜெர்மனியின் புக்ஹோல்ஸ் தொடங்கிவைத்தார். இடைக்காலக் கட்டிக்கு 40 கிராம் சிமென்ட் பொடிக்கு 2 முதல் 4 கிராம் வான்கோமைசின் கலக்கலாம். மருந்துப் பொடியிலுள்ள கட்டிகளை நுணுக்கி, சிமென்ட் பொடியோடு பொடியாகக் கலந்த பிறகே திரவத்தை ஊற்ற வேண்டும். ஊசிக்கான திரவ ஜென்டாமைசினை ஊற்றினால் சிமென்ட் வலுவிழக்கும். ரிஃபாம்பிசினைக் கலந்தால் சிமென்ட் இறுகவே இறுகாது. இறுகும்போது சூடு 80 டிகிரியைத் தொடக்கூடும் என்பதால் சூடு தாங்கும் மருந்தாக இருக்க வேண்டும். கலந்த மருந்தில் பத்தில் ஒரு பங்குகூட வெளியே வராது. சில வாரங்களில் கசிவு வற்றிவிடும். வற்றிய சிமென்ட் கிருமிக்குப் புது வீடு. ஆகவே எடுத்துவிட வேண்டும். தானே கரையும் கால்சியம் சல்பேட் மணிகளில் 10 மில்லிலிட்டருக்கு 1 கிராம் வான்கோமைசின் கலக்கிறார்கள். 4 முதல் 8 வாரத்தில் கரையும். சிலருக்குப் புண்ணிலிருந்து தெளிந்த நீர் வடியும். அதைச் சீழ் என்று எண்ணி மீண்டும் திறந்துவிடக் கூடாது. அளவு மிகுந்தால் ரத்தத்தில் கால்சியமும் ஏறும். நானோ துகள் போட்டியிட்டு வெல்ல வேண்டியது இந்த மணியோடுதான். ஊசி மருந்தோடு மட்டும் ஒப்பிட்டுவிட்டு வென்றதாகச் சொல்வது ஏற்புடையதல்ல.

ஊசி பற்றியும் ஒரு வார்த்தை. 6 வாரம் ஊசி போட்டால்தான் எலும்புச் சீழ் ஆறும் என்ற நம்பிக்கையில் எத்தனையோ குடும்பங்கள் கடன் வாங்குகின்றன. பிரிட்டனில் 26 மருத்துவமனைகளில் 1,054 பேரிடம் நடந்து 2019-ல் வெளியான ஒவைவா ஆய்வில், ஒரு வருடத்தில் சிகிச்சை தோற்றது ஊசிக் குழுவில் 14.6 சதவீதம், மாத்திரைக் குழுவில் 13.2 சதவீதம். சரியான கிருமிக்குச் சரியான மாத்திரை என்றால் ஊசிக்கு அது சளைத்ததல்ல.

விபத்து நடந்த முதல் நாளைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எலும்பு வெளியே தெரியும் முறிவுக்கு முதல் ஆன்டிபயாடிக் ஊசி ஒரு மணி நேரத்துக்குள் விழ வேண்டும். 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் முதல் 48 மணி நேரச் செலவை ஏற்கிறது. அந்த 48-ல் முதல் ஒன்றுதான் எலும்பின் எதிர்காலத்தை அதிகம் தீர்மானிக்கிறது. புண்ணைச் சாதாரண சலைனால், மெதுவான அழுத்தத்தில், லிட்டர் கணக்கில் கழுவினால் போதும். பீய்ச்சி அடிப்பதால் பயன் கூடுவதில்லை, சோப்புக் கரைசலால் மறு அறுவை கூடுகிறது என்று 2015-ல் வெளியான பன்னாட்டு ஆய்வு காட்டிவிட்டது.

இத்தனைக்குப் பிறகும் நானோ துகள் ஆய்வு இங்கே நடக்க வேண்டும் என்றே விரும்புகிறோம். எல்லாம் சரியாகச் செய்தும் ஆறாத நோயாளிகள் இருக்கிறார்கள். கால்வாய்க்குள்ளும் செல்லுக்குள்ளும் ஒளிந்த கிருமிக்கு வேறு வழி கண்ணில் படவில்லை. நானோ மருந்துகளை மதிப்பிடுவதற்கான இந்திய நெறிமுறைகள் 2019-லேயே வந்துவிட்டன. ஆய்வு செய்பவர்களிடம் சில விஷயங்களை எதிர்பார்க்கிறோம். ஒவ்வொரு தொகுதித் துகளின் அளவையும், மின்னூட்டத்தையும், மருந்து ஏற்றத்தையும் வெளியிட வேண்டும். சென்ற தொகுதி 120 நானோமீட்டர், இந்தத் தொகுதி 300 என்றால் அவை இரண்டு வெவ்வேறு மருந்துகள். 121 டிகிரி ஆட்டோகிளேவில் வைத்தால் லைப்போசோம் உடையும், பிஎல்ஜிஏ உருகிக் கட்டியாகும். 0.22 மைக்ரான் வடிகட்டியில் அதைவிடப் பெரிய துகள் தங்கிவிடும். எனவே கிருமி நீக்கிய முறையையும், நீக்கிய பிறகு மீண்டும் அளந்த அளவையும் சொல்ல வேண்டும். எண்டோடாக்சின் எனும் பாக்டீரியா நச்சைக் கண்டறியும் சோதனையைச் சில துகள்கள் குழப்பிவிடுவதால், துகளோடு சேர்த்து அந்தச் சோதனையைச் சரிபார்த்திருக்க வேண்டும். பிஎல்ஜிஏ சுமார் 45 முதல் 50 டிகிரியில் இளகும், ஈரம் பட்டால் இன்னும் கீழேயே இளகும். சென்னையின் மே மாதத்தில் குளிர்பெட்டி இல்லாத வண்டியில் வந்த குப்பியை யாரும் நம்பக் கூடாது. நோயாளிகளைக் குறைந்தது 2 வருடம் தொடர்ந்து பார்க்க வேண்டும். 3 மாதத்தில் புண் மூடிவிட்டது என்பது எலும்புச் சீழில் எதையும் நிரூபிக்காது.

நோயாளிகளுக்கும் ஒரு வழி சொல்கிறோம். யாராவது நானோ சிகிச்சை தருகிறேன் என்றால், சிடிஆர்ஐ எனப்படும் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டு எண்ணைக் கேளுங்கள். 2018 ஏப்ரல் முதல், முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே அங்கே பதிவு செய்தாக வேண்டும். இணையத்தில் யாரும் பார்க்கலாம். ஒப்புதல் படிவம் தமிழில் இருக்க வேண்டும். சோதனை மருந்துக்கு உங்களிடம் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். பாட்டிலில் விற்கும் 'வெள்ளி நீர்' குடித்தால் எலும்புச் சீழ் ஆறாது. குடித்த வெள்ளி எலும்பின் குழிக்குள் போகாது. தோலில் படிந்து நிரந்தரமாக நீலச்சாம்பல் நிறமாக்கும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1999-லேயே, கடைகளில் விற்கும் கூழ்ம வெள்ளி மருந்துகள் பாதுகாப்பானவையோ பயனுள்ளவையோ என ஏற்க முடியாது என்று அறிவித்துவிட்டது.

தங்களிடம் எங்கள் வேண்டுகோள் சிறியது. இனி இப்படியொரு செய்தியை வெளியிடும்போது அதன் முதல் பத்தியிலேயே மூன்று தகவல்களைச் சேர்த்துவிடுங்கள்: சோதித்தது தட்டிலா, விலங்கிலா, மனிதரிலா; செத்த எலும்பை எடுத்த பிறகு கொடுத்தார்களா, எடுக்காமலா; எத்தனை மாதம் தொடர்ந்து பார்த்தார்கள்.

இப்படிக்கு,
எலும்பு அறுவை சிகிச்சை, நுண்ணுயிரியல், மருந்தியல் துறைகளில் பணியாற்றுவோர் சிலர்,
சென்னை.